கோகிலவாணி பார்த்த தொடர்

நாச்சிமுத்துவுக்கு அந்தத் தொடரின் பெயர் மட்டும்தான் தெரியும். ‘நெல்லிமரத்து வீடு’. அதுவும் அவர் மனைவி கோகிலவாணி தினமும் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்த பெயர். அதில் மாதங்கி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஒரு மாமியார் இருக்கிறாள் என்பது வரை உத்தேசமாகச் சொல்வார். அதற்கு மேல் கேட்டால் முழிப்பார். பல்லடத்திலிருந்து உடுமலை போகிற தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்த மனிதர். பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கண்டக்டரிடம் கதை பேசுகிறவர்கள். அத்தனை பேரையும் சமாளிக்க ஒரு வித்தை பழகி வைத்திருந்தார். பேசுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே சரியாக ஒரு ‘ம்’ போடுவார். பேசுகிறவருக்குத் திருப்தி. இவர் காதில் ஒரு வார்த்தை ஏறியிருக்காது. வேலையை விட்ட பிறகும் அந்த வித்தையை அவர் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். டீக்கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தொடர் அப்போதுதான் முடிந்திருந்தது. “ஏனுங்க, இன்னைக்கு மாதங்கி வீட்டுல ஒண்ணு நடந்துச்சு. சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க” என்றாள் கோகிலவாணி. முகமெல்லாம் சிரிப்பு. “ம்” என்றார். அதோடு விட்டிருந்தாலும் அவள் சொல்லித்தான் இருப்பாள். “அப்புறம் சொல்லு, தலை வலிக்குது” என்று ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போனவள் வாசலிலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு அவர் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். அப்படி என்ன நடந்திருக்கும்? சோறு தின்னும்போது நினைத்தார். குளிக்கும்போது நினைத்தார். அவள் கடைசியாகத் தன்னிடம் சொல்ல வந்தது அது. அதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று மறுகுவார்.

பழைய காலத்துத் தொடராக இருந்தால் எதிர்வீட்டில் போய்க் கேட்டுவிடலாம். இப்போதைய தொடர்கள் அப்படியில்லை. ‘வானவீதி’ கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டியின் நெற்றியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கண் உண்டு. அது பார்க்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். சிரித்தால் கதையை அந்தப் பக்கம் இழுக்கும். கொட்டாவி விட்டால் வேறு பக்கம் திருப்பும். நடிகர், நடிகை என்று யாரும் கிடையாது. எல்லாம் பெட்டியே வரைந்து, பெட்டியே பேசவைப்பது. ஆகவே தெருவில் இருபது வீட்டில் ‘நெல்லிமரத்து வீடு’ ஓடினால் இருபது மாதங்கிகள். எதிர்வீட்டு ரங்கநாயகியின் மாதங்கி கலெக்டர் ஆகிவிட்டாள். கடைசி வீட்டு டீச்சரின் மாதங்கி மாமியாரை எங்கேயோ தொலைத்துவிட்டு ஊட்டியில் நிம்மதியாக இருக்கிறாள்.

வந்த புதிதில் எல்லோருக்கும் ஒரே குதூகலம். தனக்குப் பிடித்த மாதிரியே கதை நடந்தால் யாருக்குத்தான் கசக்கும்? கொஞ்ச நாள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. காய்கறி வண்டியைச் சுற்றி நிற்கும்போது, “நேத்து மாதங்கி பாத்தியா...” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். “எங்கூட்டுல அவ செத்தே போயிட்டாளே” என்பாள் இன்னொருத்தி. அதற்கு மேல் என்ன பேசுவது? ஒரே வில்லியைச் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்த பெண்கள் தக்காளியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கோகிலவாணிக்குத் தன் கதையைச் சொல்ல மிச்சம் இருந்தது புருசன் ஒருத்தர்தான். அந்தப் புருசனோ கண்டக்டர்.

ஒன்றே ஒன்று நல்ல காலம். கோகிலவாணி ஒவ்வொரு நாள் கதையையும் பெட்டியிலேயே பதிந்து வைக்கிறவள். ஆனால் அவள் முகம் எதிரில் இருந்தால்தான் அவள் பதிவு திறக்கும். நாச்சிமுத்து போய் உட்கார்ந்தால் பெட்டி, ‘வணக்கம், உங்களுக்கு என்ன பிடிக்கும்?’ என்று புது ஆளைக் கேட்கிற மாதிரி கேட்கும். எட்டு மாதமாக அப்படியே கிடந்தது. அந்த நேரத்தில்தான் வானவீதி கைமாறுகிறது, பழைய பெட்டிகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோடு அணைந்துவிடும், உள்ளே பதிந்தவை எதுவும் அதன்பின் கிடைக்காது என்று தகவல் வந்தது. நாச்சிமுத்து பதறிப்போய் மச்சினன் சபரிநாதனுக்குப் போன் போட்டார்.

சபரிநாதன் கோகிலவாணியின் தம்பி. திருப்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். பெட்டிகள் மூடப்போகிற செய்தி வந்ததிலிருந்து, பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி அவன் கடையில் ஒரே கூட்டம். அத்தனை சோலிக்கு நடுவிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரும் வயரும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்தவன் உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தான்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இதை எடுத்துத்தான் ஆகோணுமா?”

“ஏன் மாப்ள அப்படிக் கேக்கற?”

“போன வாரம் ஒருத்தருக்கு எடுத்துக் குடுத்தேனுங்க. சம்சாரம் தவறி ரெண்டு வருசம். ஆசையா வாங்கிட்டுப் போனாரு. மறுநா வந்து, ‘இத நீயே வெச்சுக்க தம்பி’ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அந்தம்மா கதையில புருசன்னு ஒரு ஆளே இல்லைங்களாமா. மொதல்ல இருந்திருக்கறான். போகப் போக பெட்டி அவன எடுத்துப்போட்டுது. அவன் வந்தாலே அந்தம்மா மூஞ்சி சுருங்கியிருக்கும் போல.”

நாச்சிமுத்துவுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. மனதுக்குள் இருப்பதை வாய் மறைக்கும், முகம் மறைக்காது. அந்தக் கடலைக் கண் அவள் முகத்தில் எதையெல்லாம் பார்த்ததோ.

“என்ன இருந்தாலும் பாக்கோணும் மாப்ள” என்றார் கடைசியில். “அவ என்னமோ சொல்ல வந்தா. நான் கேக்கல. அது என்னன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல. என்னயத் தூக்கி எறிஞ்சிருந்தாலும் சரி, அதையும் பாத்துப்போடறேன்.”

சபரிநாதன் எழுந்தான். “சரிங்க. ஆனா ஒருக்காத்தான் முடியும், கேட்டுக்கங்க. பெட்டிக்குள்ள இருக்கறத அப்படியே நகல் எடுக்க முடியாதுங்க. அக்கா மூஞ்சியக் காட்டி ஓடவெச்சு, ஓடறத வயர் வழியா கம்ப்யூட்டர்ல பிடிக்கோணும். பழைய பதிவு ஓடறப்பவும் அந்தக் கண்ணு சும்மா இருக்காது. திரும்பப் பாத்தாலும் சலிக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் அப்படி வெச்சிருக்கறான். வேற மூஞ்சி குறுக்க வந்துச்சுன்னா, அந்த மூஞ்சிக்குத் தக்க கதைய மாத்தி, பழசு மேலயே எழுதிப்போடும். அதுக்கப்புறம் அக்கா பாத்த கதை இந்த உலகத்துலயே இருக்காது.”

“அவ மூஞ்சி மட்டும் இருந்தா?”

“அக்காவுக்குப் பிடிச்ச மாதிரிதான் ஏற்கெனவே செஞ்சு வெச்சிருக்குது. மாத்த வேண்டிய சோலியே வராதுங்க.”

மூஞ்சிக்கு அவன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தான். செல்போனில் ஒரு சின்ன வீடியோ. யாரோ ஒரு பையனின் காதுகுத்தில் எடுத்தது. கோகிலவாணி பந்தலில் உட்கார்ந்து, வாய் நிறைய வெற்றிலையோடு, யாரோ சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தலை கலைந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பெரியம்மா அவள் முதுகில் அடித்து, “போதும்டி” என்கிறாள். இதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பெட்டி ஏமாந்துவிடும் என்றான்.

நாச்சிமுத்து அதைப் பார்த்தார். முகம் கடுத்தது.

“இதா? வாயில எச்சி ஒழுகறது, தலை பரட்டையா கெடக்குது. செத்தவள இப்படியா கொண்டுபோய் சபையில வெப்பாங்க? அவ படம் இருக்குதல்லோ, அதை வை.”

“சபை எங்கீங்க மாமா? பெட்டிதானுங்க!”

“பெட்டியோ சட்டியோ. அவ பேர்ல நடக்கற காரியம். அந்தப் படந்தான்.”

படம் ஹால் சுவரில் இருந்தது. வாக்காளர் அட்டைக்காக எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. ஸ்டுடியோக்காரன் பின்னால் நீல வானத்தைப் போட்டு, அவள் ஜென்மத்தில் கட்டியிராத ஒரு அரக்குப் பட்டைக் கட்டிவிட்டிருந்தான். முகத்தில் மட்டும் அவன் கைவைக்கவில்லை. ‘சிரிக்காதீங்கம்மா, நேராப் பாருங்க’ என்று எவனோ அதட்டியதற்கு அடங்கி உட்கார்ந்த முகம். நெற்றியில் குங்குமம், மேலே மல்லிகைச் சரம், சட்டத்தைச் சுற்றி மினுக்மினுக்கென்று அணைந்து எரிகிற கலர் பல்புகள். தினமும் காலையில் அதைத் துடைத்துப் பூ மாற்றாமல் நாச்சிமுத்து காபி குடிப்பதில்லை.

“போட்டோவ பெட்டி ஒத்துக்காதுங்க. உசுருள்ள மூஞ்சியான்னு சோதிக்கும்” என்றான் சபரிநாதன்.

“வெச்சுத்தான் பாரேன்.”

கோகிலவாணி உட்கார்கிற வயர் நாற்காலியில் படத்தைச் சாய்த்து வைத்தார்கள். பல்புகளும் எரியட்டும் என்று நாச்சிமுத்துவே பிளக்கைச் சொருகினார். சபரிநாதன் முன்கூட்டியே பெட்டியின் கண்மேல் போட்டு மறைத்திருந்த துண்டை ஓரமாக நின்று இழுத்தான். பெட்டி சித்த நேரம் யோசித்தது. பல்பு சிவப்பாக எரியும்போது முகத்தில் ஒரு நிழல், பச்சையாக எரியும்போது இன்னொரு நிழல். அது போதுமாக இருந்தது. ‘வாங்க கோகிலவாணி! ரொம்ப நாள் ஆச்சே!’ என்றது பெட்டி.

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “பாத்தியா!” என்றார் மச்சினனிடம் பெருமையாக. சபரிநாதனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கடைசி வாரத்துப் பதிவுகளை வரிசையாக ஓடும்படி முடுக்கிவிட்டு, கம்ப்யூட்டரைப் பெட்டிக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு, இரண்டு பேரும் குனிந்தபடியே வெளியேறி ஹால் கதவைச் சாத்தினார்கள்.

சமையல்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நாச்சிமுத்து டீ போட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரலும் ஒரு கிழவி குரலும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தன. அதுதான் மாதங்கியும் மாமியாரும் போல என்று நினைத்துக்கொண்டார்.

“அக்கா எனக்கும் போன் பண்ணி இந்தக் கதையச் சொல்லப் பாக்குமுங்க” என்றான் சபரிநாதன், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. “கடையில ஆள் நிக்குதுக்கா, பொறவு கூப்படறேன்னு வெச்சுப்போடுவேன். ஒரு நாளும் கூப்பட்டதில்லீங்க.”

நாச்சிமுத்துவுக்கு அவன்மேல் அன்றைக்கு வந்த பிரியம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. யாருக்கோ கல்யாணம். மேளம் அடங்குவதற்குள் ஒரு கூட்டமே கெக்கெக்கே என்று சிரித்தது. பிறகு ஒப்பாரி. பிறகு மகுடி ஊதுகிற சத்தம், அதற்கு ஒரு பாம்பு சீறுகிற சத்தம். நாச்சிமுத்து புருவத்தை உயர்த்தினார். “இதையா இவ தெனமும் பாத்தா?” சபரிநாதனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. துப்பாக்கி வெடித்தது. குழந்தை அழுதது, ஒன்றல்ல, இரட்டைக் குழந்தை. கோயில் மணி. இடி. மழை. கதவைத் திறந்து பார்க்க இரண்டு பேருக்கும் கை துறுதுறுத்தது. திறந்தால் காரியம் கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பின் சத்தமே இல்லை. வெகுநேரம். பிறகு தணிந்த குரலில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

ஓடி முடித்ததற்கான மணி அடித்ததும் சபரிநாதன் ஓரமாகவே ஊர்ந்து போய்க் கண்மேல் துண்டைப் போட்டு மூடினான். கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

முதலில் வந்தது மாதங்கி. வீட்டு முன்னால் நெல்லிமரம். மாமியார்க்காரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். மாதங்கி ஏதோ கேட்கிறாள், கிழவி வேறு ஏதோ பதில் சொல்கிறாள். சாதாரணமான, நிதானமான கதை. இதைத்தான் அவள் தினமும் பார்த்தாள் என்று நினைக்கவே நாச்சிமுத்துவுக்கு இதமாக இருந்தது. திடீரென்று மாதங்கி கழுத்தில் மாலை. கல்யாணம். ஏற்கெனவே கல்யாணமானவளுக்கு எதற்குக் கல்யாணம்? அது முடியுமுன் ஒரு கோமாளி வந்து கரணம் போட்டான். அவன் போனதும் ஒரு சாவு. பாம்பு. துப்பாக்கி.

சபரிநாதன் தலையில் கைவைத்தான்.

“போச்சுங்க மாமா.”

“என்ன போச்சு?”

“போட்டோ சிரிக்கலைங்க. அக்கா எந்த எடத்துல சிரிச்சுதோ அந்த எடம் வந்துருக்குது. அக்கா மூஞ்சி அசையல. பெட்டி என்ன நெனைக்கும்? ஐயோ, இவங்களுக்குப் பிடிக்கலியேன்னு மாத்திப்போட்டுது. மாத்தியும் சிரிக்கல. கண்ணுல தண்ணியும் வரல. மறுபடி மாத்தியிருக்குது. வேற மூஞ்சி வந்துறக் கூடாதுன்னு கதவச் சாத்துனமே, இந்த மூஞ்சிய யோசிக்கலியே நான்!”

ஓடிப் போய்ப் பெட்டியின் பின்பக்கமிருந்து சோதித்துவிட்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. பழைய பதிவுகள் மேல் எல்லாம் புதுசு எழுதியாகிவிட்டது. காதுகுத்து வீடியோவில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கௌரவம் பார்த்து அதை வேண்டாமென்றது அவர்தான். யாரைத் திட்ட? அவர் திட்டவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொல்ல வந்தது இரண்டாவது தடவையும் போய்விட்டது.

சபரிநாதன் கம்ப்யூட்டரை அணைக்கப் போனான்.

“இருக்கட்டும், ஓடட்டும்” என்றார். “அவள ஒருக்கா சிரிக்க வெக்கோணும்னு அது இந்தப் பாடு பட்டிருக்குது. நான் பட்டதில்ல. என்னதான் பண்ணியிருக்குதுன்னு பாப்போம்.”

கோயில், மழை, இரட்டைக் குழந்தை எல்லாம் வந்து போயின. திரை இருண்டது. வெகுநேரம் ஒன்றுமில்லை. கையில் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோய்ப் பெட்டி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு மெதுவாக வெளிச்சம் வந்தது. ஒரு ஹால். வயர் நாற்காலி. அதில் ஒரு பெண், நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக. மாதங்கி இல்லை. இவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கோகிலவாணியின் ஜாடை. வாசலில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறான். கழற்றியவன் உள்ளே போகவில்லை. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். “அப்புறம்?” என்றான்.

அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. “என்னத்தங்க சொல்றது! அந்த மாமியாகாரி இத்தன நாளா மாதங்கிய மதிக்கறதில்லைன்னு நாம நெனச்சுட்டு இருந்தமுங்களா? அந்தம்மாளுக்குக் காதே கேக்காதுங்களாமா!” என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். மாதங்கி தையல் மிஷின் வாங்கியது, கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போய் வழி தவறியது, நெல்லிமரத்தை வெட்ட வந்தவனிடம் சண்டைக்கு நின்றது. நடுநடுவே அந்த ஆள், “அட”, “அப்புறம்?”, “அவ சும்மாவா விட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

“மாமா” என்றான் சபரிநாதன். “தொடர் முடிஞ்சும் அந்தக் கண்ணு சித்த நேரம் முழிச்சே இருக்குமுங்க. முடிவு பிடிச்சுதான்னு பாக்கறதுக்கு, என்ன பேசிக்கறாங்கன்னு கேக்கறதுக்கு. நீங்க டீக்கடையில இருந்து வர்றது அந்த நேரம். அக்கா உங்களுக்குக் கதை சொல்ல ஆரம்பிக்கறதும் அந்த நேரம். இத்தன வருசத்துல அக்கா மூஞ்சி நெம்பப் பிரகாசமா இருந்தது தொடர் பாக்கறப்ப இல்லீங்க. சொல்றப்ப.”

நாச்சிமுத்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. அந்த ஆள் உட்காருகிறான், கேட்கிறான், தலையாட்டுகிறான். முகம் மட்டும் தெரிவதே இல்லை. முதுகு, தோள், காது, அவ்வளவுதான். அவள் இருந்தவரை அவர் ஒரு நாளும் அந்தக் கண்ணுக்கு நேரே வந்து அவளோடு உட்கார்ந்ததில்லை. அந்த ஆள் அவர்தான் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?

“இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சுங்க” என்றாள் திரையில் இருந்தவள். “சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.”

நாச்சிமுத்துவின் கை மச்சினன் தோளைப் பற்றிக்கொண்டது.

“சொல்லு, நம்பறேன்” என்றான் முகம் தெரியாதவன்.

“மாதங்கி வீட்டுக்காரரு இருக்கறாரே, எந்நேரமும் ரோட்டுலயே கெடக்கறவரு. இன்னைக்கு வந்தாரு. செருப்பக் கழட்டுனாரு. நேரா உள்ள போயிருவாருன்னு பாத்தா, மாதங்கி பக்கத்துல வந்து உக்காந்துட்டாருங்க! உக்காந்து, ‘இன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு’ன்னு கேக்கறாரு! எனக்குச் சிரிப்புத் தாங்கல. இதெல்லாம் எந்த ஊர்லீங்க நடக்குது?”

சொல்லிவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். காதுகுத்தில் சிரித்த அதே சிரிப்பு.

பதிவு அங்கே முடிந்தது. நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அழுகையை அவர் மறைக்கவில்லை. மச்சினன் எதிரில் மறைக்க என்ன இருக்கிறது?

“இதுதான் அக்கா அன்னைக்கு நெசமாப் பாத்ததான்னு சொல்ல முடியாதுங்க மாமா” என்றான் சபரிநாதன் மெதுவாக. “அக்கா சிரிக்கோணும்னு பெட்டி இன்னைக்குச் சோடிச்சதாவும் இருக்கலாம்.”

“எதுவா இருந்தா என்ன மாப்ள? அவளுக்கு என்ன வேணும்னு அதுக்குத் தெரிஞ்சுருக்குது. கூடவே இருந்தவனுக்குத் தெரியல.”

எழுந்து ஹாலுக்குப் போனார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை. படம் இன்னும் நாற்காலியில்தான் இருந்தது, பல்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் பெட்டிக்கு நேர் எதிரே அவர் நிம்மதியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை நீட்டித் துண்டை எடுத்தார்.

பெட்டி விழித்தது. அதே ஹால், அதே வயர் நாற்காலி. முகம் தெரியாத ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கடலைக் கண் நாச்சிமுத்துவை நேருக்கு நேர் பார்த்தது. திரையில் அந்த ஆள் மெல்லத் திரும்பினான். நரைத்த மீசை, மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்பு, அழுது சிவந்த கண். அவர்தான். நாற்காலியில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “வந்துட்டீங்களா? சித்த உக்காருங்க, ஒண்ணு சொல்லோணும்” என்றாள்.

அவள் கோகிலவாணி இல்லை என்று அவருக்குத் தெரியும். இது இனி அவர் முகத்தைப் பார்த்து, அவருக்குப் பிடித்ததைத்தான் சொல்லும் என்பதும் தெரியும். கண்டக்டராக இருந்தவரை ஏமாற்றுவது அத்தனை சுலபமில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

சபரிநாதன் வாசற்படியில் வயரோடு நின்றான். “மாமா, இதையும் பதிஞ்சுக்கட்டுங்களா? இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க.”

“வேண்டாம் மாப்ள. வயரச் சுருட்டி வை. பதிஞ்சு வெச்சமுன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு தோணும். நீயும் இப்படி வந்து உக்காரு.”

சபரிநாதன் வயரைக் கீழே போட்டுவிட்டு அக்கா படத்தின் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். இரண்டு உயிருள்ள முகத்தையும் ஒரு படத்தையும் சேர்த்துப் பார்த்துப் பெட்டி கொஞ்சம் திணறியது. யாருக்குத் தக்கச் சொல்வது என்று அதற்குக் குழப்பம். கடைசியில் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தது. மாதங்கி, நெல்லிமரம், காது கேட்காத மாமியார். “சொல்லு” என்றார் நாச்சிமுத்து. ஒரு இடத்தில்கூட ‘ம்’ போடவில்லை.

ஆறு மணிக்குத் திரை அணைந்தது. கதை பாதியில் நின்றுபோயிற்று. சபரிநாதன் எழுந்து லைட்டைப் போட்டான். கம்ப்யூட்டரைப் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார்.

“மாப்ள, அந்த மாமியாகாரிக்கு நெசமாவே காது கேக்காதா? இல்ல நடிக்கறாளா?”

“அதென்னங்க மாமா அப்படிக் கேக்கறீங்க? சுத்த நடிப்புங்க! கொழுந்தன் கல்யாணப் பேச்சு எடுத்தப்ப மட்டும் எப்படிங்க கேட்டுச்சு?”

“அட, அது வாயசைவப் பாத்துச் சொல்லியிருப்பாளப்பா.”

“அதெல்லாம் இல்லீங்க. நீங்க சரியாப் பாக்கல” என்று பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான் சபரிநாதன்.